கொழும்புக் கடிதத்துக்குக் காத்திராத முன்னேற்றம்

திருகோணமலையில் இயங்கும் ஒரு கிளை அலுவலகத்துக்கோ களஞ்சியத்துக்கோ கொழும்பிலிருந்து வரும் பயிற்சி அழைப்புக் கடிதத்தில் ஊழியர்களின் கண்ணில் முதலில் படுவது ஒரே ஒரு வரிதான். கிளையிலிருந்து ஒருவரைப் பெயர் குறித்து அனுப்பிவைக்குமாறு கேட்கும் வரி அது. அந்த ஒருவர் யார் என்பதை முகாமையாளர் தீர்மானிப்பார். தெரிவானவர் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம் இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போய், இரண்டு நாட்கள் ஒரு மண்டபத்தில் அமர்ந்திருந்து, ஒரு கோப்பும் ஒரு சான்றிதழும் கொண்டு திரும்புவார். கோப்பு அலுமாரிக்குள் போகும். சான்றிதழ் அவருடைய தனிப்பட்ட கோவையில் சேரும். கிளையில் இருக்கும் ஏனைய இருபது பேருக்கு அந்தப் பயிற்சியால் என்ன கிடைத்தது என்று எவரும் கேட்பதில்லை. கொழும்பில் தங்க இடம் தேட வேண்டும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் பெயர் குறிக்கப்பட்ட பெண் ஊழியர் போகாமல் விடுவதும், அந்த இடம் அப்படியே வீணாவதும் இங்கு புதிய செய்தியல்ல.

அந்த ஒற்றை வரியை நம்பியிராமல், ஊழியர்கள் தாமே முன்னின்று நடத்தும் தொழில் முன்னேற்றத் திட்டங்கள் பல நாடுகளின் வேலைத்தளங்களில் வேரூன்றியிருக்கின்றன. எதைக் கற்க வேண்டும், யாரிடம் கற்க வேண்டும், எந்த நேரத்தில் கூட வேண்டும், அடுத்து எந்தப் பதவியை நோக்கி நகர வேண்டும் என்பவற்றை ஊழியர்களே கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள். நிறுவனம் நேரத்தையும் இடத்தையும் ஓரளவு பணத்தையும் கொடுக்கிறது; பதவி வெற்றிடம் வரும்போது அங்கே கற்றதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கடைசியாகச் சொன்னது இல்லாத இடத்தில் முன்னதெல்லாம் இருந்தும் பயனில்லை என்பதே பல ஆண்டுகளாக இந்த விடயத்தைக் கவனித்துவருபவன் என்ற வகையில் என் உறுதியான எண்ணம்.

இத்தகைய முயற்சிகளில் மிகவும் அறியப்பட்ட தொடக்கம் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நிகழ்ந்தது. 1964 இல் அந்நிறுவனத்தின் தாயகமான ரொசெஸ்டர் நகரில் இனப் பாகுபாட்டின் விளைவாகக் கலவரம் வெடித்த பின்னர், நிறுவனத் தலைவர் ஜோசப் வில்சன் கறுப்பின மக்களைக் கூடுதலாக வேலைக்குச் சேர்த்தார். வேலைக்குள் வந்துவிட்டவர்கள் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டார்கள். யார் எந்த விற்பனைப் பகுதியைப் பெறுகிறார், யாருடைய பெயர் மேலிடத்தில் பேசப்படுகிறது, பதவியுயர்வுக்கு எவற்றைத் தெரிந்திருக்க வேண்டும் என்பவை எந்தக் கைநூலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர்கள் வேலை முடிந்த பின் தங்களுக்குள் கூடி இவற்றைப் பகிரத் தொடங்கினார்கள். 1970 இல் அந்தக் கூடல் முறையான ஓர் அமைப்பாகியது. இன்று பெரிய நிறுவனங்களில் காணப்படும், ஒரே பின்னணி கொண்ட ஊழியர்கள் ஒருவருக்கொருவர் உதவக் கூடும் ஊழியர் வளக் குழுக்களின் மூத்த முன்னோடியாக அது கருதப்படுகிறது. அங்கே முதலில் பகிரப்பட்டது தொழில்நுட்ப அறிவன்று, வழி தெரிந்தவர்கள் மட்டும் அறிந்திருந்த வழியாகும். திருகோணமலையில் இருந்துகொண்டு கொழும்புத் தலைமையகத்தில் பதவியுயர்வு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று ஊகித்துக்கொண்டிருக்கும் எந்த ஊழியருக்கும் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

பிரித்தானியாவில் வேறொரு பாதை அமைந்தது. அங்குள்ள ஃபோர்ட் கார் தொழிற்சாலைகளில் 1987 ஆம் ஆண்டுச் சம்பளப் பேச்சுவார்த்தையின்போது, ஒவ்வொரு தொழிலாளியும் தான் விரும்பியதைக் கற்பதற்கு ஆண்டுக்கு 200 பவுண் வரை வழங்கப்பட வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் நிறுவனமும் உடன்பட்டன. திட்டம் 1989 இல் தொடங்கியது. தன் வேலையோடு தொடர்பில்லாத எதையும், ஒரு மொழியையோ கணிதத்தையோ கூட, தொழிலாளி தெரிவு செய்யலாம். நிர்வாகம் தனியாக அல்லாமல் இரு தரப்பும் அமர்ந்த உள்ளூர்க் குழுக்களே அப்பணத்தைக் கையாண்டன. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் முன்வரமாட்டார்கள் என்ற எண்ணம் அங்கே பொய்த்துப்போனது. பின்னர் 2002 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், சக தொழிலாளர்களின் கற்றல் தேவைகளை அறிந்து வழிகாட்டும் தொழிற்சங்கக் கற்றல் பிரதிநிதிகளுக்கு, அப்பணிக்காகச் சம்பளத்துடன் கூடிய நேரம் பெறும் உரிமையை வழங்கியது. 2003 இல் அது நடைமுறைக்கு வந்தது. மனிதவளப் பிரிவிடம் போய்த் தனக்கு எழுத்து வாசிப்புச் சிரமம் என்று சொல்ல ஒருவர் கூசுவார். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரிடம் அதே ஆள் அதைச் சொல்லிவிடுவார். சட்டம் அந்த வேறுபாட்டை மதித்தது.

பக்கத்தில் நிற்பவரிடமிருந்து கற்பது ஏன் இத்தனை வலிமை கொண்டது என்ற கேள்விக்கு நல்ல விடையொன்று, மீண்டும் ஜெராக்ஸ் நிறுவனத்திலிருந்தே வந்தது. ஜூலியன் ஓர் (Julian Orr) என்ற மானிடவியலாளர் 1980களில் அந்நிறுவனத்தின் பிரதி இயந்திரத் திருத்துநர்களோடு கூடவே திரிந்து அவர்களுடைய வேலையைக் கவனித்தார். நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்த கைநூல், இந்தப் பிழை வந்தால் இதைச் செய் என்று வரிசையாகச் சொன்னது. இயந்திரங்களோ அந்த வரிசைப்படி பழுதாகவில்லை. திருத்துநர்கள் காலை உணவின்போதும் தேநீரின்போதும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளில்தான், அதாவது இன்ன இடத்தில் இன்ன இயந்திரம் இப்படித் தொந்தரவு தந்தது, கடைசியில் காரணம் இதுவாக இருந்தது என்ற கதைகளில்தான், உண்மையான தொழிலறிவு கைமாறியது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது. ஆய்வாளருக்கு அதுவே வேலையின் மையமாகத் தெரிந்தது. பின்னர் 1990களில் அந்நிறுவனத்தின் திருத்துநர்கள் தம் உத்திகளை எழுதிச் சேர்க்கும் ஒரு பொதுத் தரவுத்தளம் உருவானபோது, எந்த உத்தி சரியானது என்பதைச் சக திருத்துநர்களே பரிசீலித்தார்கள். எழுதியவரின் பெயர் அதனுடன் சேர்ந்தே வெளியானது.

திருகோணமலையின் சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிரிமா மாவாலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் எண்ணெய்க் குதங்களிலும் வேலை செய்த பெரியவர்கள் உள்ள வீடுகளில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கதைகள் புதியவையல்ல. ஒரு மோட்டாரின் சத்தம் மாறியதைக் கேட்டே அதன் கோளாறைச் சொல்லக்கூடிய ஒரு போர்மன் ஓய்வுபெறும் நாளில், பொன்னாடை போர்த்தி, ஒரு பரிசுப் பொதியையும் கொடுத்து அனுப்பிவைக்கிறோம். அவருடைய காதில் இருந்த அறிவும் அவரோடு சேர்ந்து வாயிலைத் தாண்டிப் போய்விடுகிறது. ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே அவரைச் சுற்றி ஐந்து பேரை உட்காரவைத்து, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் அவர் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்ள நேரம் கொடுத்திருந்தால், அதற்குச் செலவாகியிருப்பது தேநீர்ச் செலவு மட்டுமே.

சக ஊழியர் உறவுகளை ஆராய்ந்த கேத்தி கிராம், லின் இசபெல்லா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985 இல் அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். தகவல் மட்டும் பகிர்பவர் ஒருவர். தொழில் வழியைப் பற்றிச் சேர்ந்து யோசித்து, ஒருவர் வேலையைப் பற்றி மற்றவர் வெளிப்படையாகக் கருத்துச் சொல்பவர் இன்னொருவர். மனத்தில் உள்ள அச்சத்தையும் குழப்பத்தையும் சொல்லக்கூடிய நெருங்கியவர் மூன்றாமவர். மேலதிகாரி ஒருவர் வழிகாட்டியாக அமைவது பெரும் பேறுதான். ஆனால் அப்படி அமைபவர்கள் மிகச் சிலர். சக ஊழியர்களோ எல்லோருக்கும் இருக்கிறார்கள். ஊழியர் முன்னின்று நடத்தும் திட்டம் செய்வதெல்லாம், பெரும்பாலும் தகவல் பரிமாற்றத்தோடு நின்றுவிடும் இந்த உறவை இரண்டாவது வகைக்கு உயர்த்துவதுதான்.

இதற்கு அந்நிய மாதிரி எதுவும் நமக்குத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். அலுவலகத்தில் சீட்டுப் பிடிக்கத் தெரிந்த ஊழியர்கள் நாம். நலன்புரிச் சங்கத்துக்குத் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் தெரிவு செய்து, மரண வீட்டுக்கு யார் போவது, எவ்வளவு கொடுப்பது என்று கூட்டறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் நாம். சீட்டின் விதிகளைக் கவனித்துப் பார்த்தால் ஊழியர்கள் சிறு குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் கற்பிக்கும் ஒரு நல்ல கற்றல் வட்டத்தின் விதிகள் அனைத்தும் அதில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. ஆட்தொகை கைக்கு அடங்குவதாக இருக்கும். பன்னிரண்டு பேர், பதினைந்து பேர். கணக்கு எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் மாதத்திலேயே சீட்டை எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டியே ஆக வேண்டும். கற்றல் வட்டத்திலும் அதுவே முதல் விதியாக இருக்க வேண்டும். வட்டத்தின் உதவியோடு பரீட்சையில் சித்தியடைந்தவர் மற்றவர்களும் சித்தியடையும்வரை வர வேண்டும், தன் முறை வரும்போது கற்பிக்க வேண்டும். பல வட்டங்கள் உடைவது முதலில் முன்னேறியவர் வராமல் விடும் இடத்தில்தான்.

அரச அலுவலகங்களில் இதற்கான தேவை ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் நியமனம், பதவியுயர்வு பற்றிய விதிகளைச் சொல்லும் சேவைப் பிரமாணக் குறிப்பு உண்டு. சேவையில் மேலே நகரச் சித்தியடைய வேண்டிய வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை உண்டு. மேல் சேவைகளுக்குச் செல்ல, ஏற்கெனவே சேவையில் இருப்பவர்கள் மட்டும் தோற்றக்கூடிய மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சைகள் உண்டு. 2007 ஜூலை 1 க்குப் பின் நியமனம் பெற்றவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் வந்தது. இந்தத் தேர்ச்சி கிடைக்காமல் சம்பள ஏற்றமும் பதவியுயர்வும் தேங்கி நிற்பவர்களைத் தமிழ்ப் பக்கத்திலும் சிங்களப் பக்கத்திலும் காணலாம். அவர்களில் பலர் மாலையில் பணம் கட்டித் தனியார் வகுப்புக்குப் போகிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இம்மாவட்டத்தில், ஒருவருக்குத் தேவையான ஆசிரியர் மறுமேசையிலேயே அமர்ந்திருக்கிறார். சிங்களம் கற்க வேண்டிய தமிழ் பேசும் உத்தியோகத்தரும், தமிழ் கற்க வேண்டிய சிங்கள உத்தியோகத்தரும் கிழமைக்கு இருமுறை அரை மணித்தியாலம் எதிரெதிரே அமர்ந்து, அன்று வந்த ஒரு விண்ணப்பத்தையே பாடமாக வைத்து, அரை நேரம் ஒரு மொழியிலும் அரை நேரம் மற்ற மொழியிலும் பேசினால் இருவருக்கும் தேர்ச்சி கிட்டும். அந்த அலுவலகத்துக்கு வரும் பொதுமக்களுக்குத் தம் மொழியில் பதிலும் கிடைக்கும். ஊழியர்களே நடத்தக்கூடிய திட்டங்களில் நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

தனியார் துறையில், கடற்கரை விடுதிகள் உள்ள உப்புவெளியும் நிலாவெளியும் வேறு விதமான வாய்ப்பைத் தருகின்றன. இக்கரையில் சீசன் என்பது ஏறத்தாழ மே தொடக்கம் செப்டெம்பர் வரை. அக்காலத்தில் விடுதி ஊழியருக்கு மூச்சுவிட நேரமில்லை. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் நவம்பர் முதல் ஜனவரி வரையோ அறைகள் பூட்டிக்கிடக்கும். நிரந்தரமில்லாத ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். சிலர் தெற்குக் கரையின் சீசனைத் தேடிப் போவார்கள். எஞ்சி நிற்பவர்கள் சுவருக்குப் பூச்சடிப்பதோடு காலம் கழிப்பார்கள். விவசாயிக்கு அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் வரப்பைக் கட்டும் காலம் இருப்பதுபோல, விடுதித் தொழிலுக்கும் இந்த மழைக்காலம் இருக்கிறது. அறை துப்புரவு செய்யும் இளைஞர் வரவேற்பு மேசையின் கணினி முறையைப் பழகுவதற்கும், சமையலறை உதவியாளர் சமையற்காரரோடு நின்று ஒரு முழு இரவு உணவைத் தாமே பொறுப்பெடுத்துச் சமைப்பதற்கும், வரவேற்பு மேசையில் இருப்பவர் மற்றவர்களுக்கு ஆங்கிலத்திலோ ஜெர்மன் மொழியிலோ பத்து வாக்கியங்களைப் பழக்குவதற்கும் அதைவிட நல்ல காலம் இல்லை. ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவின் வேலையைப் பழகுவதால் சீசன் உச்சத்தில் ஒருவர் விடுமுறை எடுத்தாலும் வேலை தடைப்படாது என்பதை உரிமையாளருக்கு விளக்கிச் சொன்னால், அக்காலத்துக்குக் குறைந்த சம்பளத்திலாவது ஆட்களை வைத்திருக்க அவர் இணங்கக்கூடும். இணங்காத உரிமையாளர்களும் இருப்பார்கள்.

இப்படிக் கற்றதை அடுத்த வேலைத்தளத்தில் எப்படிக் காட்டுவது என்ற கேள்வி உடனே எழும். அதற்கு இலங்கையில் விடை உண்டு. அதைப் பயன்படுத்துவோர்தான் போதாது. தேசிய தொழிற்தகைமை முறை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்லும் முறை, ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்துக்கு இணையானது. வேலை செய்தே தொழிலைப் பழகிய ஒருவர் மீண்டும் வகுப்பில் போய் உட்காராமல், தன் அனுபவத்துக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டித் தகைமை பெறும் வழி அதில் இருக்கிறது. நைட்டா என்று அழைக்கப்படும் பயிலுநர் அதிகாரசபையும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் இந்த மதிப்பீட்டை நடத்துகின்றன. பதினைந்து ஆண்டுகள் வெல்டிங் செய்தவரிடம் திறமைக்குக் குறைவில்லை. அவரைத் தடுப்பது படிவம், சேவைக் கடிதம், செய்த வேலைகளின் படங்கள், எந்த அலுவலகத்துக்கு எந்த நாளில் போவது என்ற குழப்பம் ஆகியவைதான். வெளிநாடு செல்ல வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் பலர் இதைத் தேடி ஓடுகிறார்கள். ஒரே வேலைத்தளத்தில் எட்டுப் பேர் சேர்ந்து இந்தச் சான்றுகளைத் தொகுக்க முனைந்தால், ஒருவர் படிவத்தை வாசித்து விளக்க, ஒருவர் படம் எடுக்க, ஏற்கெனவே மதிப்பீட்டுக்குப் போய்வந்தவர் அங்கே என்ன கேட்பார்கள் என்று சொல்ல, எட்டுப் பேரும் ஒன்றாகவே கரையேறிவிடலாம்.

இனி இவை எங்கே தவறுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நான் சில ஆண்டுகள் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இளம் ஊழியர்கள் சிலர் மதிய உணவு வேளையில் கணக்கீட்டு மென்பொருளைத் தங்களுக்குள் பழகத் தொடங்கினார்கள். ஆர்வம் கண்ட நிர்வாகம் அதைத் தன் திட்டமாக அறிவித்தது. வரவுப் பதிவேடு வந்தது; மாதாந்த அறிக்கை வந்தது; எந்தப் பாடம் எந்த நாளில் என்ற அட்டவணை மேலிருந்து வந்தது. அடுத்த காலாண்டில் வட்டம் இல்லை. நிர்வாகத்துக்குத் தீய எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குத் தேவையான துணிவு மேலதிகாரியின் பதிவேட்டுக்கு முன்னால் வராது என்பதை மட்டும் அது கவனிக்கத் தவறியது.

இதற்கு நேர் எதிரான தவறு கூடுதல் ஆபத்தானது. ஊழியர்களே நடத்துகிறார்கள் என்ற பெயரில் பயிற்சிச் செலவை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில், சொந்தத் தொலைபேசித் தரவில், சொந்தச் செலவில் கற்றுக்கொள்ளட்டும் என்று நிறுவனம் கைகழுவுவது அது. கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் கிழமைக்கு 45 மணித்தியால வேலையை வரையறுக்கிறது. அந்த நேரத்துக்குள் ஒரு மணித்தியாலத்தைக் கூடக் கற்றலுக்கு ஒதுக்க முடியாத நிறுவனம், ஊழியர் முன்னேற்றத்தைப் பற்றித் தன் ஆண்டறிக்கையில் எழுத உரித்துடையதல்ல. வீட்டில் இரண்டாவது வேலை நாள் காத்திருக்கும் பெண்களுக்கு வேலை நேரத்துக்கு வெளியே நடக்கும் எந்தக் கூட்டமும் மூடிய கதவுதான். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள் ஐந்து மணிக்குத் தொடங்கும் வகுப்பில் அமர்ந்தால் வீடு திரும்புவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் வைத்தால் முஸ்லிம் ஊழியர்கள் வரமாட்டார்கள். நேரத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்திலேயே இவர்கள் இருந்தால் இவையெல்லாம் தாமாகவே தீர்ந்துவிடும்.

பிற நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் ஆட்களை வழங்கும் மேன்பவர் நிறுவனங்கள் ஊடாக வேலைக்கு வந்தவர்களின் நிலை இதிலும் கடினமானது. அவர்கள் அதே தளத்தில், அதே சீருடையோடு, பல வேளைகளில் நிரந்தர ஊழியரைவிட நீண்ட காலமாக நிற்பவர்கள். ஆனால் பயிற்சிப் பட்டியலில் அவர்களுடைய பெயர் வராது, ஏனென்றால் காகிதத்தில் அவர்கள் அங்கே வேலை செய்யவில்லை. நிறுவனத்தின் பட்டியலில் இல்லாதவரையும் ஊழியர்களின் வட்டம் சேர்த்துக்கொள்ளலாம். நிரந்தர ஊழியர் சங்கங்கள் இதைப் பல இடங்களில் செய்யத் தயங்குகின்றன, தங்கள் இடத்துக்குப் போட்டி வந்துவிடும் என்ற அச்சத்தினால். அந்த அச்சம் மனித இயல்புதான் என்றாலும், பக்கத்தில் நிற்பவரைக் கல்லாதவராக வைத்துக் காக்கப்படும் பதவியுயர்வு எவருடைய திறமைக்கும் சான்றாகாது.

சிரேஷ்டத்துவத்தைப் பற்றிய பேச்சு இங்கே தவிர்க்க முடியாதது. முதலில் சேர்ந்தவருக்கே முதற்பதவி என்ற வழக்கத்தின் நடுவே, ஆறு ஆண்டு சேவையுள்ள ஒருவர் இருபது ஆண்டு சேவையுள்ளவருக்குக் கணினியில் பாடம் எடுப்பது எளிதான காட்சியன்று. அண்ணன், அக்கா என்று அழைக்கும் முறை நம்மிடம் இருப்பதால் அதற்கு வழியும் இருக்கிறது. முதல் மாதம் மூத்தவர் தன் துறையைக் கற்பித்தால், அடுத்த மாதம் இளையவரிடம் கற்பதில் அவருக்குக் குறைவு தோன்றாது. முறையை மூத்தவரிலிருந்து தொடங்குவது என்ற சிறிய ஏற்பாடு பல மனத்தாங்கல்களைத் தடுத்துவிடும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஆனால் அவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஓர் அறை, பாவனையில் உள்ள ஒரு கணினி, இவை எளிதில் கிடைக்கும். கடினமானது தகவல். எந்தப் பதவி எப்போது வெற்றிடமாகிறது, அதற்கு எந்தத் தகைமை கேட்கப்படுகிறது, விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர் எதில் குறைந்தார் என்பவற்றை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். வெற்றிட அறிவித்தல் கொழும்பில் இரண்டு கிழமைகள் பேசப்பட்டு, இறுதித் திகதிக்கு முந்திய நாள் திருகோணமலைக்கு மின்னஞ்சலாக வரும் நிலையில், இங்கே எத்தனை வட்டங்கள் எத்தனை மாதம் கூடினாலும் அந்தப் பதவி இங்கிருந்து ஒருவருக்குக் கிடைக்காது. ஆகவே ஒரு வட்டம் தன் முதற்கூட்டத்தில் பாடத்திட்டம் எழுத உட்காருவதற்கு முன், தலைமையகத்தில் கடந்த இரண்டு ஆண்டுகளில் நிரப்பப்பட்ட பதவிகளின் பட்டியலையும் அவற்றுக்குக் கேட்கப்பட்ட தகைமைகளையும் கேட்டு ஒரு கடிதம் எழுதி, அத்தனை பேரும் கையொப்பமிட்டு அனுப்புவது நல்லது. இம்முறை கடிதம் இங்கிருந்து கொழும்புக்குப் போகட்டும்.